மூச்சுக்குழலில் ஒரு மில்லிமீட்டர்

கோழிக்குஞ்சின் மூச்சுக்குழலை ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான தடிமனில் வளையம் வளையமாக நறுக்கி, உடல்சூட்டில் வைத்த ஊட்டக் கரைசலில் இட்டு, நுண்ணோக்கியின் குறைந்த உருப்பெருக்கத்தில் பார்த்தால், வளையத்தின் உள்விளிம்பு துடித்துக்கொண்டிருக்கும். பாடப்புத்தகம் குறு இழைகள் என்று சொல்லும் சிலியாக்களின் வேலை அது. தனித்தனி இழை அந்த உருப்பெருக்கத்தில் கண்ணுக்குப் பிடிபடாது. விளிம்பில் ஓடும் ஒரு மினுமினுப்பும், அதில் மாட்டிய செல்துணுக்குகள் ஒரே திசையில் சுழன்று நகர்வதும் தெரியும். நோய் கண்ட குஞ்சின் வளையத்தில் அந்த மினுமினுப்பு இருக்காது. விளிம்பு வெறும் கோடாக நிற்கும். கொரோனா வைரஸ் சுவாசப் பாதைக்கு என்ன செய்கிறது என்பதை இவ்வளவு நேராகவும் மலிவாகவும் காட்டுகிற வேறொன்றை நான் பார்த்ததில்லை. என் தொழில் வாழ்க்கையில் பெரும்பகுதி அந்த விளிம்பைப் பார்ப்பதில் கழிந்திருக்கிறது.

நான் கோழிகளின் சுவாச நோய்களை ஆராயும் கால்நடை மருத்துவன். சொந்த ஊர் கொல்லிமலையில் வாழவந்தி நாடு. படித்தது மலைக்குக் கீழே, 1985-ல் தொடங்கிய நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில். மலையில் வீட்டுக்கு நாலைந்து நாட்டுக்கோழி; காரவள்ளியின் 70 கொண்டை ஊசி வளைவுகளை இறங்கிப் போனால் ஒரே ஷெட்டில் பல்லாயிரம் லேயர் கோழிகள். இரண்டு இடத்திலும் மார்கழிக் குளிரில் கோழி கொர்கொர் என்று மூச்சிழுக்கும் சத்தத்தைக் கேட்டிருக்கிறேன். பண்ணையாளர்கள் அதை ‘ஐ.பி.’ என்பார்கள். தொற்று மூச்சுக்குழல் அழற்சி என்று தமிழில் எழுதலாம், ஆனால் அப்படி யாரும் சொல்லிக் கேட்டதில்லை. அந்த நோயைத் தருவது ஒரு கொரோனா வைரஸ். 2020-க்குப் பிறகு இதைச் சொன்னால் எதிரில் இருப்பவர் சற்றே பின்வாங்குகிறார். அதனால் உடனே அடுத்த வாக்கியத்தையும் சொல்லிவிடுவேன்: இது மனிதர்களுக்குத் தொற்றாது, கோழியோடு நின்றுவிடும்.

உண்மையில் மனிதர்கள் அறிந்த முதல் கொரோனா வைரஸ் இதுதான். அமெரிக்காவின் வடக்கு டகோட்டாவில் ஷால்க், ஹான் என்ற இருவர் 1931-ல் குஞ்சுகளின் புதியதொரு சுவாச நோயை விவரித்து எழுதினார்கள். 1937-ல் போடெட், ஹட்சன் இருவரும் அந்த வைரஸை அடைமுட்டைக்குள் வளர்த்துக் காட்டினார்கள். மனிதனின் ஜலதோஷத்துக்குக் காரணமான கொரோனா வைரஸ் பிடிபட்டது அதற்கெல்லாம் பல ஆண்டுகள் கழித்து, 1960-களில்தான். இங்கிலாந்தில் டேவிட் டைரல் குழு வைத்திருந்த ஒரு மாதிரி சாதாரண செல் வளர்ப்பில் பிடிபடாமல் போக்குக் காட்டியது. மனிதக் கருவின் மூச்சுக்குழல் துண்டுகளை உயிரோடு வைத்து, அவற்றில்தான் அதை வளர்த்தார்கள். லண்டனில் ஜூன் அல்மெய்டா அதை மின்னணு நுண்ணோக்கியில் பார்த்தபோது, தான் முன்பே கோழியின் ஐ.பி. வைரஸில் பார்த்த அதே உருவம். 1968-ல் எட்டு ஆய்வாளர்கள் ‘நேச்சர்’ இதழில் எழுதி இந்த வைரஸ்களை ஒரே குடும்பமாக்கினார்கள். மூச்சுக்குழல் வளர்ப்பு முறை அடுத்து கோழி ஆய்வாளர்கள் கைக்கு வந்தது. நான் இன்று நறுக்குகிற வளையம் அந்த வழியில் வந்ததுதான்.

இந்த வரலாற்றை மாணவர்களிடம் விரிவாகவே சொல்வேன். நோயைப் படிக்க விலங்கைப் பயன்படுத்துவதில் இரண்டு விதம் உண்டு. வைரஸை அதன் சொந்த விலங்கிலேயே படிப்பது ஒன்று. மனிதனின் வைரஸை வேறொரு விலங்குக்குள் நுழைத்துப் பார்ப்பது இன்னொன்று. கோழியில் ஐ.பி. முதல் வகை. ஹாம்ஸ்டரில், எலியில், குரங்கில் கோவிட் இரண்டாம் வகை. இரண்டாம் வகையில் வைரஸ் இரவல் வீட்டில் இருக்கிறது. எந்த விலங்கும் மனிதனின் நோயை முழுதாகத் தராது. ஒரு துண்டைத் தரும். எந்தத் துண்டு என்று தெரிந்துகொண்டு, அந்தத் துண்டுக்குரிய கேள்வியை மட்டும் அந்த விலங்கிடம் கேட்பதில்தான் இந்தத் தொழிலின் முழுத் திறமையும் இருக்கிறது என்று நம்புகிறேன். மற்றதெல்லாம் கைப்பழக்கம்.

கைப்பழக்கம் என்று சொன்னதால் அதைக் குறைவாக எண்ணிவிடக் கூடாது. முதல் பழக்கம் காது.

வைரஸைக் கண்ணிலும் மூக்கிலும் சொட்டு விட்டபின் ஓரிரு நாளில் குஞ்சு தும்மத் தொடங்கும், தலையை வெடுக்கென்று உதறும். அறைக்குள் ஆள் நுழைந்ததும் குஞ்சுகள் எல்லாம் கூச்சலிட்டு ஓடும். அப்போது எதையும் கேட்க முடியாது. கதவோரம் அசையாமல் நின்று, நாம் இருப்பதை அவை மறக்கும்வரை காத்திருக்க வேண்டும். சத்தம் அடங்கிய பிறகு ஒவ்வொரு தும்மலும் தனியாகக் கேட்கும். கூர்ந்து கேட்டால் தும்மலுக்குக் கீழே இன்னொரு சத்தம், சளிக்குள் காற்று புகுந்து வரும் ஈரமான கொறகொறப்பு. ஒரு குஞ்சைக் கையில் எடுத்து முதுகைக் காதோரம் வைத்தால் அது விரல்களிலேயே அதிர்வாகத் தெரியும். நாமக்கல் பண்ணைகளில் நல்ல சூப்பர்வைசர் செய்வதும் இதுதான். இரவில் விளக்கை அணைத்துவிட்டு ஷெட்டின் நடுவே மெல்ல நடந்து, எந்த வரிசையிலிருந்து சத்தம் வருகிறது என்று காது கொடுப்பார். “சார், மூணாவது லைன்ல இழுப்பு இருக்குது” என்று அவர் போனில் சொன்னால், பிறகு வரும் ஆய்வக முடிவு பெரும்பாலும் அதை உறுதிப்படுத்தவே செய்யும். எனக்கு அந்தக் காது வாழவந்தி நாட்டில் வந்தது. மழை பெய்யாத இரவில், வீட்டு ஓரக் கூட்டிலிருந்து வரும் மூச்சு மாறினால் அம்மா படுத்தபடியே சொல்லிவிடுவாள், கோழிக்குச் சளி பிடித்திருக்கிறது என்று.

அடுத்த பழக்கம் முட்டையில். ஐ.பி. வைரஸை வளர்க்க ஒன்பதிலிருந்து பதினொரு நாள் வயதான அடைமுட்டை வேண்டும். இருட்டறையில் விளக்கின் முன் பிடித்தால் ரத்தக் குழாய்கள் சிலந்தி வலையாகப் படர்ந்திருக்கும், நடுவில் கரு அசையும். காற்றறையின் விளிம்பை பென்சிலால் குறித்து, குழாய் இல்லாத இடம் பார்த்துத் துளையிட்டு, கருவைச் சூழ்ந்த திரவத்துக்குள் ஊசி போகவேண்டும். அடை வைத்த முட்டையை விளக்கில் பிடித்துக் கூமுட்டையை ஒதுக்குவது எங்கள் மலையில் எல்லாப் பெண்களும் அறிந்த காரியம். நாங்கள் அதையேதான் செய்கிறோம். சில சுற்று வளர்த்தபின் வைரஸ் தன் கைவரிசையைக் காட்டும். கரு குட்டையாகி, சுருண்டு, உருண்டையாகக் கிடக்கும். பக்கத்து முட்டையில் அதே வயதுக் கரு முழு வளர்ச்சியோடு இருக்கும். இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தவர்கள் மறக்கமாட்டார்கள்.

ஆனால் இங்கேயே ஒரு ஆபத்தும் இருக்கிறது. முட்டைக்குள் மேலும் மேலும் வளர்க்க வளர்க்க வைரஸ் முட்டைக்குப் பழகிக் கோழியை மறக்கிறது. போடெட் பெயரில் அழைக்கப்படும் அந்தப் பழைய வகை, உலகம் முழுக்க ஆய்வகங்களில் நன்றாக வளரும். ஆனால் கோழிக்குப் போட்டால் நோயே வராது. தடுப்பூசி செய்தவர்கள் இதே குணத்தைப் பயனுள்ளதாக்கினார்கள். ஹாலந்தில் உருவான எச்-120 தடுப்பூசி வைரஸ் பெயரிலேயே அந்த எண்ணைச் சுமக்கிறது: முட்டைக்குள் 120 முறை வளர்த்தது. நோயைப் படிக்க விரும்புகிறவனுக்கோ அதே குணம் எதிரி. அதனால் பண்ணையிலிருந்து வந்த வைரஸை எத்தனை குறைவான சுற்றில் முடியுமோ அத்தனை குறைவாக வளர்த்து, உறைய வைத்து, அதிலிருந்தே எடுத்துப் பயன்படுத்துவேன். குறிப்பேட்டில் சுற்று எண் எழுதாத குப்பியை நான் தொடுவதில்லை.

இனி குளிரும் அழுக்கும் பற்றி. இது எனக்கு மிகப் பிடித்த பகுதி, கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

நோய்க்கிருமிகளே இல்லாமல் வளர்க்கப்பட்ட குஞ்சுகளை வடிகட்டிய காற்றுள்ள பெட்டியில் வைத்து ஐ.பி. வைரஸைக் கொடுத்தால், தும்மும், இழுக்கும், பத்துப் பதினைந்து நாளில் தேறிவிடும். சாவு மிகக் குறைவு. அதே வைரஸ் பண்ணையில் புகுந்தால் பிணங்களைக் கூடையில் அள்ளுகிறார்கள். ஆரம்பகால ஆய்வாளர்களைக் குழப்பியது இந்த முரண்தான். 1985-ல் இங்கிலாந்தில் ஸ்மித், குக், பார்செல் மூவரும் வைரஸோடு ஈ.கோலை பாக்டீரியாவையும் சேர்த்துக் கொடுத்தார்கள். உடனே பண்ணையில் காணும் நோய் ஆய்வகத்திலும் வந்தது: காற்றுப்பைகள் தயிர்போல் தடித்து, இதயத்தையும் ஈரலையும் சுற்றி வெள்ளைப் படலம். வைரஸ் சிலியாக்களை வீழ்த்திக் கதவைத் திறந்துவிடுகிறது, உள்ளே வந்து கொல்வது வேறொருவர். இதற்குப் பல ஆண்டுகள் முன்பே ஆஸ்திரேலியாவில் கம்மிங் இன்னொன்றைக் கவனித்திருந்தார். அங்கு பரவிய வகை சிறுநீரகத்தைத் தாக்கியது. குளிரில் இருந்த குஞ்சுகள் அதில் அதிகம் செத்தன.

இந்தக் குளிர் விஷயத்தைப் படித்தபோது எனக்கு வாழவந்தி நாடுதான் நினைவுக்கு வந்தது. கடல் மட்டத்துக்கு ஆயிரம் மீட்டருக்கும் மேலே. தை மாதப் பனியில் செம்மேட்டுக் கடைத்தெருவில் காலை எட்டு மணிக்கும் ஆட்கள் போர்வையோடு டீ குடிப்பார்கள். குஞ்சுகள் ராத்திரியில் அடுப்போரம் ஒண்டும். அங்கே விறகுப் புகை. கீழே நாமக்கல் ஷெட்டில் அவ்வளவு குளிரில்லை, எருக்குழியிலிருந்து எழும் அமோனியா உண்டு. காலையில் ஷெட்டுக்குள் போனால் நம் கண்ணே எரியும். புகையும் அமோனியாவும் சிலியாக்களுக்கு ஆகாதவை. வைரஸ் வருமுன்பே அங்கே வேலை பாதி முடிந்திருக்கும். ஆக, வடிகட்டிய காற்றுப் பெட்டி சொல்வது வைரஸ் தனியாக என்ன செய்யும் என்பதை. ஷெட் சொல்வது வைரஸும் காற்றும் பாக்டீரியாவும் சேர்ந்து என்ன செய்யும் என்பதை. இரண்டும் வெவ்வேறு கேள்விகள். பெட்டியில் கிடைத்த பதிலை ஷெட்டுக்கு அப்படியே எடுத்துப் போகிற ஆய்வாளரைப் பண்ணையாளர் நம்புவதில்லை. அதில் நியாயம் இருக்கிறது. 2020-ல் ஆஸ்பத்திரிகளில் மனிதர்களைப் பார்த்தபோதும் இதே கணக்குதான். வைரஸ் ஒன்றே, சர்க்கரை நோய், வயது, பருமன் எல்லாம் சேர்ந்து ஆளுக்கொரு முடிவைத் தந்தன. இளமையான, ஆரோக்கியமான ஹாம்ஸ்டர் அதைச் சொல்லாது.

என் ஊர் நாட்டுக்கோழிகளையே ஏன் ஆய்வுக்கு எடுத்துக்கொள்ளக் கூடாது என்று நண்பர்கள் கேட்பதுண்டு. அவற்றை எனக்கு மிகவும் பிடிக்கும். ஆனாலும் எடுப்பதில்லை. சோளக்காட்டுச் சந்தையில் வாங்கிய சேவல், பக்கத்து வீட்டுப் பெட்டை, கீழேயிருந்து யாரோ கொண்டுவந்து கொடுத்த கலப்புக் குஞ்சு: ஒவ்வொன்றின் ரத்தத்திலும் எந்தெந்த நோயின் நினைவு இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. தாய்க்கோழி முட்டை வழியாகக் குஞ்சுக்குக் கொடுக்கும் எதிர்ப்பு சக்தியே முதல் இரண்டு மூன்று வாரம் முடிவுகளைக் குழப்பும். சோதனைக்கு முன்கதை இல்லாத குஞ்சு வேண்டும். ஊர்க்கோழியோ முழுக்க முழுக்க முன்கதை. அதனிடம் ரத்த மாதிரி எடுத்து, இந்த மலையில் என்னென்ன வந்துபோயிருக்கிறது என்று கேட்கலாம். அதற்கு அது அருமையான சாட்சி.

வளையத்துக்கு வருகிறேன். தடுப்பூசி போட்ட குஞ்சுகளுக்கு மூன்று நான்கு வாரத்தில் வீரியமுள்ள வைரஸைக் கொடுத்து, ஐந்தாம் நாள் வாக்கில் மூச்சுக்குழலை எடுக்கிறோம். மேல் பகுதியிலிருந்து மூன்று வளையம், நடுவிலிருந்து நான்கு, கீழிருந்து மூன்று. ஒவ்வொன்றுக்கும் பூஜ்யத்திலிருந்து நான்கு வரை மதிப்பெண். விளிம்பு முழுக்கத் துடித்தால் பூஜ்யம். எங்குமே துடிப்பில்லை என்றால் நான்கு. ஆக ஒரு கோழிக்கு அதிகபட்சம் 40. பார்க்கிறவருக்கு எந்தக் கோழி எந்தக் குழுவைச் சேர்ந்தது என்று தெரியக் கூடாது. குப்பியில் எண் மட்டும். மூச்சுக்குழலை வெளியே எடுத்ததிலிருந்து நேரம் ஓடத் தொடங்குகிறது. கரைசல் ஆறினால் துடிப்பு மந்தமாகும், நன்றாக இருக்கும் வளையமும் நோயுற்றதுபோல் தோன்றும். கத்தி மழுங்கியிருந்தால் விளிம்பு நசுங்கும். சளி மூடியிருந்தால் மெதுவாக அலச வேண்டும். அழுத்தி அலசினால் பாதி செல்கள் கழன்றுவிடும். இதையெல்லாம் செய்முறைத் தாளில் ஒரு வரியில் எழுதிவிடலாம். கை அதைக் கற்க ஆண்டுகள் ஆகும்.

இந்த வளையங்கள் எனக்குச் சொன்னதில் முக்கியமானது ஒன்று. ரத்தத்தில் எதிர்ப்பு சக்தி ஏராளமாக இருக்கும் கோழியின் மூச்சுக்குழலும் வைரஸிடம் தோற்கலாம். ரத்த அளவு சொற்பமாக இருந்தும் மூச்சுக்குழல் துடித்துக்கொண்டே இருக்கலாம். மூச்சுப்பாதையின் காவல் அந்தந்த இடத்துச் சவ்விலேயே இருக்கிறது. அதனால்தான் லேயர் பண்ணையில் குஞ்சுப் பருவத்தில் உயிருள்ள தடுப்பூசியைக் கண்ணில் சொட்டு விடுகிறார்கள் அல்லது தெளிக்கிறார்கள். முட்டையிடும் பருவத்துக்கு முன் ‘கில்டு’, அதாவது உயிரற்ற வைரஸ், ஊசி போடுகிறார்கள். சொட்டு மூச்சுக்குழலுக்கு, ஊசி முட்டைப்பைக்கு. முட்டைப்பையில் வைரஸ் இறங்கினால் தோல்முட்டை, சுருக்கம் விழுந்த ஓடு, தண்ணீராய் ஓடும் வெள்ளைக்கரு. 2021-ல் தடுப்பூசி போட்டவர்களுக்கும் கோவிட் வந்தபோது நகரத்தில் பலர் அதிர்ந்தார்கள். நாமக்கல்லில் ஒரு பண்ணையாளர் என்னிடம் சாதாரணமாகச் சொன்னார்: “ஊசி போட்ட கோழிக்கும் ஐ.பி. வருமுங்க. ஆனா விழாது.” ஸ்பைக் புரதத்தில் சிறிது மாறினாலும் பழைய தடுப்பூசி கைவிடும் என்பதும், இரண்டு வகை வைரஸ் ஒரே கோழியில் சந்தித்தால் கலந்து மூன்றாவது பிறக்கும் என்பதும் கோழி மருத்துவத்தில் பல பத்தாண்டுப் பழைய செய்திகள். ஒரே வகையை நம்பாமல் இரண்டு வெவ்வேறு வகைத் தடுப்பூசிகளைச் சேர்த்துக் கொடுத்தால் மற்ற வகைகளிடமிருந்தும் மூச்சுக்குழல் தப்பும் என்று ஜேன் குக் 1999-ல் காட்டியதும் இதே வளையங்களை எண்ணித்தான். மூக்கு வழியாகத் தரும் கோவிட் தடுப்பு மருந்து, பாரத் பயோடெக்கின் இன்கோவாக், 2023 ஜனவரி 26 அன்று அறிமுகமானபோது கோழி மருத்துவர்கள் மகிழ்ந்ததற்குக் காரணம் இருந்தது.

கோழியால் சொல்ல முடியாதவையும் உண்டு. கோழியின் நுரையீரலில் நம்மைப்போல் காற்று நுண்ணறைகள் கிடையாது. காற்று மெல்லிய குழாய்கள் வழியே ஒரே திசையில் ஓடுகிறது, காற்றுப்பைகள் அதைத் துருத்திபோல் தள்ளுகின்றன, உதரவிதானமும் இல்லை. ஆக்சிஜன் அளவு சரிந்து வென்டிலேட்டர் வரை போன மனிதனின் நுரையீரலில் நடந்ததைக் கோழியிடம் கேட்பது வீண். அதற்கு ஹாம்ஸ்டரிடம் போக வேண்டும். 1930-ல் சிரியாவின் அலெப்போ அருகே ஒரு வயலில் அகரோனி என்ற விலங்கியலாளர் தோண்டி எடுத்த ஒரு தாயும் குட்டிகளும்தான் இன்று உலக ஆய்வகங்களில் உள்ள தங்க நிற ஹாம்ஸ்டர்களில் பெரும்பாலானவற்றுக்கு மூதாதை. சாதாரண வெள்ளை எலியின் செல்வாசல் ஆரம்பகாலக் கோவிட் வைரஸுக்குப் பொருந்தவில்லை. ஹாம்ஸ்டரின் வாசல் இயல்பாகவே பொருந்தியது. வெள்ளை எலிக்கு மனித வாசலின் மரபணுவைச் செருகினால் தொற்றும், சாகும். ஆனால் அதில் பிரபலமான கே-18 எலி பெரும்பாலும் மூளையில் வைரஸ் ஏறித்தான் சாகிறது. ‘எத்தனை எலி பிழைத்தது’ என்று எண்ணி, மருந்து நுரையீரலைக் காத்தது என்று எழுதினால் அது பொய்யாகிவிடும்.

புனே தேசிய வைராலஜி நிறுவனம் கோவாக்சினை ஹாம்ஸ்டர்களிலும், பிறகு 20 ரீசஸ் குரங்குகளிலும் சோதித்தது. ஐந்து ஐந்தாக நான்கு குழு, இரண்டு தவணை, அதன்பின் வைரஸ். பொதுமுடக்கக் காலத்தில் குரங்கு கிடைக்காமல் ஆய்வாளர்கள் மகாராஷ்டிரக் காடுகளில் தேடி அலைந்து, கடைசியில் நாக்பூர் பக்கம் பிடித்தார்கள் என்பதை இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) தலைமை இயக்குநராக இருந்த பல்ராம் பார்கவா எழுதியிருக்கிறார். குரங்கிடம் அவர்கள் கேட்டதில் ஒரு கேள்வி எனக்கு மிக முக்கியமாகப் பட்டது: தடுப்பூசி போட்டதால் நுரையீரல் நோய் கூடுகிறதா? இது வெறும் பயமல்ல. பூனைகளின் கொரோனா நோயில், தடுப்பூசி போட்ட குட்டிகள் போடாதவற்றைவிடச் சீக்கிரம் இறந்த கசப்பான அனுபவம் 1990 வாக்கில் பதிவாகியிருக்கிறது. கோடிக்கணக்கானவர்களின் தோளில் ஊசி இறங்குமுன் அந்தக் கேள்விக்கு 20 குரங்குகள் பதில் சொல்லின.

ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் கதையும் இதே பாடம். செல் வளர்ப்புத் தட்டில் அது வைரஸை நிறுத்தியது. அந்தச் செல்கள் ஆப்பிரிக்கக் குரங்கின் சிறுநீரகத்திலிருந்து வந்தவை. அங்கே வைரஸ் நுழையும் வழி வேறு, மூச்சுப்பாதையில் நுழையும் வழி வேறு. ஹாம்ஸ்டரிலும் குரங்கிலும் கொடுத்துப் பார்த்தபோது பலனில்லை. அந்த விலங்குகளின் பதில் 2020-லேயே வெளியாகிவிட்டது. மாத்திரைக்காக மருந்துக்கடை மருந்துக்கடையாக அலைந்தவர்களின் காதுக்கு அது போய்ச் சேரவில்லை என்பது எனக்கு இன்றைக்கும் வருத்தம்.

அந்த ஆண்டு பிப்ரவரி, மார்ச்சில் கோழிக்கறியாலும் முட்டையாலும் கொரோனா பரவுகிறது என்ற வதந்தி நாடு முழுக்க ஓடியது. தெலங்கானாவில் அமைச்சர்கள் மேடையேறிக் கோழிக்கறி தின்று காட்டினார்கள். நாமக்கல்லில் வாங்க ஆளில்லாத முட்டைகள் குவிந்தன. மலையில்கூட எங்கள் உறவினர் ஒருவர் ஊர்க்கோழியை அறுக்கலாமா என்று கேட்டார். மேடையில் தின்று காட்டுவதைவிட உறுதியான பதில் ஆய்வகத்திலிருந்து வந்தது. சீனாவின் ஹார்பினிலும், ஜெர்மனியின் ஃப்ரீட்ரிஷ் லோஃப்லர் நிறுவனத்திலும் கோழிகளின் மூக்கில் கோவிட் வைரஸை நேரடியாகவே விட்டார்கள். கோழிக்குத் தொற்றவில்லை, அதிலிருந்து வைரஸ் வெளியே வரவும் இல்லை. நீர்நாய்க் குடும்பத்து ஃபெரட்டுக்குத் தொற்றியது. ஹார்பினில் பூனைக்கும் தொற்றியது. ‘எதுவும் நடக்கவில்லை’ என்று முடிகிற சோதனையை இளம் ஆய்வாளர்கள் தோல்வியாக நினைக்கிறார்கள். எனக்கு அந்த ஆண்டு படித்தவற்றில் மிக நிறைவு தந்த இரண்டு அட்டவணைகள் அவை. கோழிக் கட்டத்தில் வரிசையாக ‘இல்லை’.

உயிரைப் பற்றியும் பேசியாக வேண்டும். நான் படிப்பை முடித்து வேலைக்குச் சேர்ந்த புதிதில் அம்மா கேட்டாள்: “ஏங்கண்ணு, சாமிக்கு அறுக்கற கோழிகிட்டக்கூட தண்ணி தெளிச்சு, அது சிலுத்துக்கிட்ட பெறகுதான அறுக்கறோம். நீ யாரைக் கேட்டு அறுக்கற?” நெறிமுறைக் குழு என்று ஒன்று இருக்கிறது, எத்தனை குஞ்சு, எதற்கு, எப்படி வலியில்லாமல் முடிப்பது என்று முன்னாலேயே எழுதிக் கொடுத்து அனுமதி வாங்கவேண்டும் என்று சொன்னேன். “அவங்க வேண்டாம்னு சொன்னது உண்டா?” என்றாள். உண்டு என்றேன். எண்ணிக்கையைக் குறைக்கச் சொல்வார்கள், சில சமயம் திருப்பி அனுப்புவார்கள். “அப்ப சரி” என்று அடுப்புக்குப் போய்விட்டாள்.

அந்தக் கேள்வியை நான் இன்னும் கேட்டுக்கொள்கிறேன். 1959-ல் ரஸ்ஸலும் பர்ச்சும் எழுதிவைத்த மூன்று வழிகள், அதாவது விலங்குக்குப் பதில் வேறு முறை, முடியாவிட்டால் குறைவான எண்ணிக்கை, அதுவும் இயன்ற அளவு வேதனையில்லாமல், எங்கள் படிவத்தில் வரிசையாக இருக்கின்றன. வளைய வேலை இதில் பெரிய உதவி. பொரிப்பதற்கு ஒருநாள் முன், இருபது நாள் கருவின் மூச்சுக்குழலிலிருந்து பதினைந்து வளையங்களுக்கு மேல் எடுக்கலாம். ஒரு கருவில் பல வகை வைரஸ்களை, பல அளவுகளில் ஒரே நேரத்தில் ஒப்பிடலாம். உயிருள்ள கோழி தேவைப்படும் கேள்விகள் அப்படியே வடிகட்டி வடிகட்டி மிகச் சிலவாகிவிடும். அப்படி மிஞ்சுகிற சிலவற்றுக்கு மட்டும் கோழியை எடுப்பது நியாயம் என்று நினைக்கிறேன். அதில் ஒரு கோழியையும் கவனக்குறைவான வேலையால் வீணாக்கக் கூடாது. கத்தி கூர்மையாக இருக்கவேண்டும் என்று நான் மாணவர்களிடம் கடுமையாக நடந்துகொள்வது இதனால்தான்.

இப்போதெல்லாம் ஹாம்ஸ்டரில் மருந்து சோதிக்கத் திட்டத்தோடு வரும் இளைஞர்கள் என்னிடமும் காட்டிவிட்டுப் போகிறார்கள். மருந்தைப் பற்றி நான் முதலில் கேட்பதில்லை. நுரையீரலை எந்த நாளில் திறக்கப்போகிறாய் என்று கேட்பேன். ஹாம்ஸ்டரில் முதல் மூன்று நான்கு நாளில் வைரஸ் உச்சத்தில் இருக்கும். ஆறு ஏழாம் நாள் வாக்கில் எடை மிகவும் குறைந்து, நுரையீரல் கல்லீரல்போல் கெட்டிப்பட்டிருக்கும். இரண்டு வாரத்தில் பெரும்பாலும் தேறி எடையும் திரும்பிவிடும். பதினான்காம் நாள் மட்டும் திறந்தால் எந்த மருந்தும் வேலை செய்ததுபோலத்தான் இருக்கும். மருந்து கொடுக்காததும் அன்றைக்குத் தேறியிருக்கும். நான்காம் நாள் மட்டும் திறந்தால் வைரஸ் குறைந்ததா என்று தெரியும், நுரையீரல் பிழைத்ததா என்று தெரியாது. இரண்டு நாளும் வேண்டுமென்றால் இரண்டு மடங்கு விலங்குகள், இரண்டு மடங்குக்கும் படிவத்தில் காரணம். எந்த நாளை விடலாம், எதை விடக்கூடாது என்று இருவரும் தாளில் கோடு போட்டு உட்காருவோம். எடையைத் தினமும் ஒரே நேரத்தில், ஒரே தராசில், எந்தக் குழு என்று அறியாத ஆள் எடுக்கவேண்டும் என்பதையும் அதே தாளில் எழுதிக் கொடுத்து அனுப்புகிறேன்.